லாட்ஜா, அத்தை வீடா?

தீம் பார்க் என்றதும் மற்றவர்களுக்கு ராட்டினமும் சறுக்கலும் ஞாபகத்துக்கு வருமாம். எனக்கு எங்கள் அத்தை வீட்டுச் சமையலறைதான் ஞாபகத்துக்கு வருகிறது. வந்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிகிறது. இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை என்றால் அது எப்பேர்ப்பட்ட கோபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. செஞ்சி பஜாரில் நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றில் பம்ப்செட் மோட்டார் புகைந்தாலும் நைனா கடை வாசலில்தான் வந்து இறங்கும். வெயில் காலம் வந்தால் அவருக்குக் கடையை விட்டு நகர மனசு வராது. எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்று நானும் தம்பியும் நச்சரித்தால் கையை நீட்டி ராஜகிரியைக் காட்டுவார். "எந்தெந்த தேசத்துலேர்ந்தோ காசு செலவு பண்ணிக்கினு வந்து இந்தக் கோட்டையப் பாத்துட்டுப் போறான். உங்களுக்கு வாசல்லயே இருக்குது. ஏறிட்டு வாங்க, போங்க" என்பார். எத்தனை தடவைதான் ஏறுவது? பிறந்ததிலிருந்து அதே மலை, அதே குரங்கு.

இந்த லட்சணத்தில் என் வகுப்புத் தோழி ஒருத்தி சென்னைப் பக்கம் ஒரு தீம் பார்க்குக்குப் போய்விட்டு வந்தாள். சும்மா வந்தாளா? அங்கே மணிக்கட்டில் கட்டிவிட்ட பச்சைப் பட்டையைக் கழற்றாமல் வந்தாள். அது அழுக்கேறிக் கறுத்துப் போகிற வரைக்கும் கையை ஆட்டி ஆட்டித்தான் பேசினாள். கடல் மாதிரியே அலை வரும், ஆனால் வாயில் போனால் உப்புக் கரிக்காது என்றாள். அவ்வளவுதான். நான் வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நைனா முதலில் சிரித்தார், அப்புறம் அதட்டினார், கடைசியில் "சரி, பெரிய லீவுல போவலாம்" என்று இறங்கி வந்தார்.

நைனாவின் திட்டம் எளிமையானது. விடியற்காலை முதல் பஸ், திண்டிவனம் வழியாகப் போக வேண்டியது, பார்த்துவிட்டு ராத்திரி கடைசி பஸ்ஸில் திரும்ப வேண்டியது. பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும் என்று நான் குதித்தேன். தண்ணீர் விளையாட்டுக்கு ஒரு பார்க், ராட்டினங்களுக்கு இன்னொரு பார்க், ஆக இரண்டு நாள் வேண்டும் என்பது என் கட்சி. நைனாவின் போனை எடுத்து வைத்துக்கொண்டு எந்த பார்க்கில் என்ன இருக்கிறது, எத்தனை மணிக்குக் கதவு திறக்கிறார்கள் என்று ஒரு வக்கீல் மாதிரி படித்துக் காட்டினேன். அப்படிப் படிக்கும்போதுதான் புடவையோடு தண்ணீரில் இறங்கக் கூடாது, நைலான் உடை இருந்தால்தான் விடுவார்கள் என்பதையும் படித்தேன்.

"அப்ப உங்கம்மா கரையில குந்திக்கினு பையப் பாத்துக்கட்டும்" என்றார் நைனா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. குடும்பத்தோடு எங்கே போனாலும் பை பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் அல்லவா, அந்த வேலைக்கு எங்கள் வீட்டில் நிரந்தர நியமனம் அம்மாதான். யாரும் கேட்டதில்லை. நானும்தான் கேட்கவில்லை.

அப்போது அம்மா, எதிலும் வாயே திறக்காத அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "பாப்பா சொல்றாப்பல ரெண்டு நாள் போவலாங்க. பார்க் பக்கத்துலயே ஒரு லாட்ஜ்ல ரூம் போட்டுக்கலாம்."

நைனா அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் பாக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். ஆனால் நானும் அம்மாவும் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டோம்.

அந்த வாரம் முழுக்க எங்களுக்கு லாட்ஜ் பார்ப்பதே வேலை. நான் போனில் படங்களைத் தள்ளத் தள்ள, அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பாள். வெள்ளை வெளேரென்று மெத்தை, சுவரில் டிவி. ஒரு லாட்ஜில் காலை டிபனும் அவர்களே கொடுக்கிறார்கள் என்று போட்டிருந்தது. "நெஜமாவா? நாம எழுந்து போயி குந்துனா போதுமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். இட்லிக்காகவா ஒரு மனுஷி இப்படி வாயைப் பிளப்பாள் என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

இன்னொன்றும் கேட்டாள். "அந்த அலை வர்ற எடத்துல ஆழம் எவ்ளோ இருக்கும்?"

பயப்படுகிறாள் என்று நினைத்து, "முட்டி அளவுதாம்மா" என்று தைரியம் சொன்னேன். அவள் முகம் தொங்கிப் போனது. எனக்கு அது புரியவில்லை. சிங்கவரத்து மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், தன் நிலத்துக் கிணற்றைக் காட்டி, "உங்கம்மா இந்த மேட்டுலேர்ந்து ஓடியாந்து குதிப்பா. உள்ள போனா லேசுல மேல வரமாட்டா, நாங்கதான் அலறிக்கினு கெடப்போம்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். நான் அதை ஒரு நாளும் நம்பியதில்லை. தெருவில் மழைத் தண்ணீர் நின்றால் புடவையை ஒரு விரல்கடை தூக்கி ஓரமாக நடக்கிற என் அம்மா கிணற்றில் குதித்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

ஒருநாள் பஜாருக்குப் போன அம்மா துணிக்கடைப் பை ஒன்றோடு வந்தாள். நேராகப் போய்ப் பீரோவின் அடித்தட்டில் வைத்தாள். நான் எடுத்துப் பார்த்துவிட்டேன். கருநீலத்தில் நைலான் சட்டை, முழுக்கை, அதோடு கணுக்கால் வரைக்கும் ஒரு பேன்ட். பெரிய அளவு. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. யாருக்கோ வாங்கியிருக்கிறாள், எனக்கு வாங்கவில்லை! என் பழைய டிராக் பேன்ட்டே போதுமாம்!

அதற்குள் அத்தை போன் பண்ணிவிட்டாள். நைனாவின் அக்கா, தாம்பரத்தில் இருப்பவள். வேறு எதற்கோதான் கூப்பிட்டாள். பேச்சு வாக்கில் நைனா பார்க், லாட்ஜ் என்று உளறிவிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் வீடே கேட்டது.

"லாட்ஜா? நான் இன்னா செத்தா பூட்டேன்? கூடப் பொறந்தவ ஊட்ட உட்டுட்டு லாட்ஜ்ல படுப்பியாடா தம்பி?" என்று அத்தை அழவே ஆரம்பித்துவிட்டாள். நைனா பதறிப் போய், "இல்லக்கா, சும்மா சொன்னேன்க்கா" என்று நின்றார். அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ரெண்டு நாள் எதற்கு, பிள்ளைகள் ஒரு வாரமே இருக்கட்டும் என்று முடித்துவிட்டாள்.

போனை வைத்ததும் அம்மா சொன்னாள். "அப்ப நான் வரல. நீங்க போயிட்டு வாங்க."

நான் ஆடித் தீர்த்துவிட்டேன். ஒரு மெத்தைக்காகவும் ஓசி இட்லிக்காகவும் மொத்தப் பயணத்தையும் கெடுக்கிறாயா என்று கத்தினேன். எங்கே படுத்தால் என்ன, பார்க்குதானே முக்கியம்! தம்பி எனக்குப் பக்கவாத்தியமாக அழுதான். நைனா, "ஒனக்கு எங்க அக்கான்னாலே ஆவாது" என்று ஒரு பழியையும் சேர்த்துப் போட்டார். அம்மா எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் பையில் துணி அடுக்கினாள். அந்தக் கருநீல உடுப்பையும் அடியில் வைத்து, மேலே எங்கள் துணிகளைப் போட்டு மூடினாள்.

அத்தை கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் வைதுவிட்டுப் போய்விடலாமே! பாசத்தைப் பாத்திரம் பாத்திரமாகக் கொட்டுகிறவள். அந்தப் பாத்திரங்களை யார் தேய்ப்பது என்பதுதான் கேள்வி. போய் இறங்கினதும் அம்மா முகம் கழுவிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனவள்தான். "வந்தவ எதுக்கும்மா வேல செய்யிற" என்று அத்தை சொல்லிக்கொண்டே வெங்காயக் கூடையை அவள் பக்கம் தள்ளினாள். முதல் நாள் அத்தை வீட்டுக்காரரின் தம்பி வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். மறுநாள் கோயில். பார்க் எப்போது, பார்க் எப்போது என்று நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஒருவழியாகப் பார்க்குக்குக் கிளம்பும் நாள் வந்தது. அம்மா இருட்டோடு எழுந்து எல்லோருக்கும் புளிசாதம் கிளறிக் கட்டியிருந்தாள். துண்டு எடுக்கிறேன் என்று எங்கள் பைக்குள் கைவிட்ட அத்தை, அந்த உடுப்பை வெளியே இழுத்துவிட்டாள். கூடத்தில் நைனா, அத்தை வீட்டுக்காரர், காலேஜ் படிக்கிற அத்தை மகள் எல்லோரும் இருந்தோம்.

"இன்னா இது? புதுசா இருக்குது. யாருக்கு?" என்று அத்தை அந்தப் பேன்ட்டை உதறி உயரத் தூக்கிப் பிடித்தாள்.

அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றாள். நைனாவைப் பார்த்தாள். நைனா அந்தப் பேன்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பொண்ணுக்குத்தான் அண்ணி. குடுக்கணும்னு எடுத்தாந்தேன், வந்த வேகத்துல மறந்துட்டேன்" என்றாள்.

அத்தைக்கு வாயெல்லாம் பல். "பாரேன், எவ்ளோ ஞாபகமா வாங்கியாந்திருக்குது!" என்று மகளிடம் கொடுத்தாள். லாட்ஜாக இருந்திருந்தால் அந்தப் பைக்குள் எவர் கை நுழைந்திருக்கும்? அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உடுத்தியிருப்பாளே, உடுத்திக்கொண்டு நேரே போய்த் தண்ணீரில் இறங்கியிருப்பாளே! நாத்தனார் வீட்டுக் கூடத்தில், நாத்தனார் புருஷன் பேப்பர் படிக்கிற இடத்தில், அது என்னுடையது என்று எந்த வாயால் சொல்வாள்? அவளுக்கு வேண்டியிருந்தது மெத்தையும் இல்லை, இட்லியும் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கூடத்துக்கு ஓடிப் போய் அந்தத் துணியைப் பிடுங்கி அம்மா கையில் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது.

அன்றைக்கு நான் பிடுங்கவில்லை. அத்தை தொடர்ந்து நியாயம் பேசினாள். "நீ எதுக்கும்மா வெயில்ல வந்து கெடந்து வாடுற? சேலையோட எறங்கவும் உடமாட்டான். வீட்டோட இருந்து ரெஸ்ட் எடு. சாயங்காலம் பசியோட வருவோம், ஒரு கொழம்பும் வறுவலும் பண்ணி வச்சிடு, போதும்."

"அதுவும் சரிதான்" என்றார் நைனா.

பார்க் வாசலில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியில்லை என்றார்கள். பஸ் நிறுத்துகிற இடத்தில் நின்றபடியே புளிசாதத்தை விழுங்கிவிட்டு உள்ளே ஓடினோம். அப்புறம் எனக்கு யார் ஞாபகமும் இல்லை. அத்தை மகள் ஒல்லி. அந்தப் பேன்ட் அவள் இடுப்பில் நிற்காமல் ஊக்கு மேல் ஊக்காகக் குத்தியிருந்தாள், சறுக்கலில் வரும்போது இரண்டு கையாலும் அதையே பிடித்துக்கொண்டு வந்தாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அலைக்குளம் முட்டி அளவு இல்லை. தள்ளிப் போகப் போக ஆழம். நைனா கழுத்து வரைக்கும் போனவர் மிரண்டு திரும்பிவிட்டார்.

சாயங்காலம் பசியோடுதான் வந்தோம். குழம்பும் வறுவலும் தயாராக இருந்தன. சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் போனேன். அம்மா எங்கள் ஈரத் துணிகளைத் துவைக்கக் குவித்து வைத்திருந்தாள்.

"ஆழம் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"முட்டி அளவெல்லாம் இல்லம்மா, அந்தப் பக்கம் நைனாவுக்கே கழுத்து வரைக்கும்" என்று அளந்தேன். அலை எப்படி வரும், தூக்குமா, புரட்டுமா என்று கேட்டாள். சொன்னேன். இன்னொரு தரம் கேட்டாள். எனக்கு அலுப்பாக இருந்தது. அதோடு, மறுநாள் யாரோ சொந்தக்காரர்கள் எங்களைப் பார்க்க வருகிறார்கள், ராட்டின பார்க் கிடையாது என்று அப்போதுதான் நைனா சொல்லியிருந்தார். அந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது? கிடைத்தவள் அம்மாதான்.

"எனக்கு ஒண்ணு வாங்கல. அவளுக்கு மட்டும் வாங்குன. அதுவும் அளவு கூடத் தெரியாம வாங்கியிருக்க. எல்லாரும் சிரிச்சாங்க."

"ஆமாம்மா" என்றாள் அம்மா. "அளவு தப்பாப் போச்சு."

அவள் குவியலிலிருந்து அந்தக் கருநீல உடுப்பை எடுத்தாள். ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி முந்தானையில் குத்திக்கொண்டாள். அதிலிருந்து பார்க் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பிழியாமல் அப்படியே முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

சோப்புப் போட வேண்டுமா, அலசினால் போதுமா என்று மோந்து பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.