ஸ்டிக்கர் பழம்

தண்டலத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கதவு நிலையில் பதினொரு ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். மாதத்துக்கு ஒன்று என்பது கணக்கு. சம்பளம் வருகிற நாளில் என் வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுத் தள்ளுவண்டியில் ஓர் ஆப்பிள் வாங்குவார். ஒன்றே ஒன்று. வெள்ளை வலை உறையோடு அதை டிபன் பைக்குள் காலி டப்பாவின் மேல் நசுங்காமல் வைத்துக் கொண்டுவருவார். எங்கள் மகளுக்கு அப்போது மூன்று முடிந்து நாலு நடந்துகொண்டிருந்தது. வலை உறையை வளையலாக மாட்டிக்கொள்வாள். அவர் ஸ்டிக்கரைக் கிழியாமல் உரித்து அவள் விரல் நுனியில் வைத்து, அவளைத் தூக்கிப் பிடித்து நிலையில் ஒட்ட வைப்பார். அதற்கு அப்புறம்தான் கத்தி எடுப்போம்.

ஆப்பிள் மோகம் எங்களைப் பிடித்துக்கொண்ட கதை இது. இரண்டாயிரம் பிறந்து இரண்டொரு வருஷம் ஆகியிருந்தது. அவர் வேலை பார்த்த கம்பெனியில் வெளிநாட்டு அதிகாரிகள் வந்தால் உட்காருவதற்கென்று ஓர் அறை. அங்கே ஒரு மேசையைத் தூக்கிப்போட இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உள்ளே கண்ணாடிக் கிண்ணம் நிறைய ஸ்டிக்கர் ஒட்டிய ஆப்பிள்.

"ஏளா, அவங்க புள்ளைங்க எல்லாம் இதத்தான் திங்கும் போலுக்கு. அதான் அந்தக் கலரு, அந்த வளர்த்தி. நம்ம புள்ளையும் மாசத்துக்கு ஒண்ணாவது திங்கட்டும்" என்றார் அன்று சாப்பிடும்போது.

நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவரைவிட எனக்குத்தான் ஆசை அதிகம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். வாரம் ஒருமுறை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசும்போது என் தங்கச்சி, "புள்ளைக்கு என்னக்கா குடுக்க?" என்று கேட்பாள். "ஆப்பிள்" என்று சொல்வதில் ஒரு கெத்து இருந்தது. மாதத்துக்கு ஒன்று என்பதை அவளிடம் ஏன் சொல்ல வேண்டும்?

அந்த ஓர் ஆப்பிளுக்காக மாதம் முழுக்க நான் குழம்பில் கை வைத்தேன். ஒரு முருங்கைக்காய் வாங்கினால் இரண்டு நாள் ஓட்டுவேன். கத்தரிக்காய் குழம்பில் கிடக்கிறதா என்று கரண்டி போட்டுத் தேட வேண்டும். கேரட், பீன்ஸ் எல்லாம் விருந்தாளி வந்தால்தான். விருந்தாளி யாரும் வருவதில்லை. ஊரிலிருந்து பஸ்ஸில் கொடுத்தனுப்புகிற வத்தல் மூட்டையும் அப்பளமும்தான் எங்கள் காய்கறி.

காய்கறிக் கடையில் நான் அதிக நேரம் நிற்காததற்கு வேறொரு காரணமும் உண்டு. வந்த புதிதில் சீனியவரைக்காய் இருக்கா என்று கேட்டேன். கடைக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "சீனியா? அதெல்லாம் மளிகைக் கடைல விப்பாங்கம்மா" என்றாள். நான் விரலை நீட்டிக் காட்டினேன். "அட, கொத்தவரங்காவா!" என்று அவள் சிரிக்க, கூட நின்ற நாலு பெண்களும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் சுபாவம் அப்படி. வெட்கப்பட வேண்டிய இடத்தில் எல்லாம் கோபப்படுவேன்.

கீரை மலிவுதான். ஆனால் வாசலில் வருகிற கீரைக்காரியிடம் பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்க்கத் தினமும் கீரைக்கட்டு வாங்கினால், வேறு காய்க்கு வக்கில்லை என்று நினைப்பார்களே என்று எனக்கு ஒரு நினைப்பு. யாரும் அப்படிச் சொன்னதில்லை. நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஒரே வரிசையில் நாலு வீடு, பின்பக்கம் நாலு வீட்டுக்கும் பொதுவாக ஒரு குளியலறை. அந்தத் தண்ணீர் ஓடுகிற வழியில் ஒரு பப்பாளி மரம் நின்றது. கழுத்தைச் சுற்றிக் காயாகக் காய்த்துத் தள்ளும். வீட்டுக்காரம்மா பக்கத்திலேயே குடியிருந்தாள். அவளுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அவர்கள் நிலம் கம்பெனிக்குப் போய், வந்த பணத்தில் கட்டியதுதான் இந்த வீடுகள். நாங்கள் குடிவந்த வாரமே ஒரு பப்பாளியைக் கீறித் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள்.

"இந்தாம்மா, கொயந்தைக்குக் குடு. தேனாட்டம் கீது."

"எங்களுக்கு அது ஆகாதுக்கா" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "இன்னாத்துக்கு ஆவாது? பாத்ரூம் தண்ணில வளர்ந்துதுன்னு பாக்கறியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பிறகு ஏன் என்று கேட்பாள். வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு தட்டோடு திரும்பிப் போனாள். அதற்கப்புறம் மரத்திலிருந்து ஒவ்வொரு பழம் விழும்போதும், என் காதில் விழும்படி, "மாட்டுக்கு ஆவுது, மனுசங்களுக்குத்தான் ஆவல" என்று சொல்லிக்கொண்டே தொழுவத்துக்கு எடுத்துப் போவாள்.

ஆகாததற்குக் காரணம் இருந்தது. கல்யாணமான முதல் வருஷம், ஊரில் மாமியார் வீட்டில் இருந்தபோது, எனக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள் என்று இரண்டு துண்டு பப்பாளி தின்றேன். நல்ல பழம். மூன்றாம் நாள் எல்லாம் போய்விட்டது. மாமியார் என்னைப் பார்த்துப் பேசவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார், "வாய அடக்கத் தெரியாம புள்ளையத் தின்னுட்டாளே." வேலைக்காக வெளியூரில் இருந்த என் வீட்டுக்காரரிடம் அந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை. மாமியாரிடம் கோபப்பட முடியவில்லை, பழத்தைக் கோபித்துக்கொண்டேன். பிறகு இந்த மகள் பிறந்தாள். இருந்தாலும் அந்த வாடை வந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

அந்த வருஷம் மழை ஓய்ந்த நேரத்தில், பொழுது சாய்ந்தால் பிள்ளை என் சேலையைப் பிடித்த பிடி விடமாட்டாள். செல்லம் கொஞ்சுகிறாள் என்று நினைத்தேன். குடத்தில் இடித்துக்கொள்வாள். வாசற்படியில் தடுக்கி விழுவாள். ஒருநாள் இறக்கி வைத்திருந்த ரசச் சட்டியைக் காலால் தட்டிவிட்டாள். நல்லவேளை, ஆறியிருந்தது. இருந்த ஒரு தக்காளியும் தரையில் ஓடுவதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில், "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று முதுகில் ஓர் அடி வைத்தேன். அவள் அழவில்லை. எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாதவளாக அதே இடத்தில் நின்றாள். அதையும் நான் அழுத்தம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாவது ஆப்பிள் வந்த அன்று சாயங்காலம் கரண்ட் இல்லை. வாசலில் எனக்குக் கோலம் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் இருந்தது. அவர் வழக்கம்போல் ஸ்டிக்கரை உரித்துக் கொடுத்துப் பிள்ளையைத் தூக்கினார். அவள் நிலையைத் தாண்டிச் சுவரில் கோணலாக ஒட்டினாள். "நேரா ஒட்டுளா கழுதை" என்று அவர் சிரித்தார். பிறகு ஒரு துண்டை வெட்டி, "இந்தா" என்று அவள் முன்னால் நீட்டினார்.

அவள் கை அவர் தோள் பக்கமாகப் போய்க் காற்றில் துழாவியது.

விளையாடுகிறாள் என்று நினைத்து அவர் துண்டை இந்தப் பக்கம் மாற்றினார். அவள் கை பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருந்தது. "எங்கப்பா? எங்க?" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரசச் சட்டி ஞாபகம் வந்தது, முதுகில் வைத்த அடி ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்த ஆப்பிளை யாரும் சாப்பிடவில்லை. வெட்டின துண்டு தட்டிலேயே கிடந்து கறுத்துப்போனது.

மறுநாள் காலை அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டு மாலைக்கண் என்றார். சின்னப் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருதரம் கண்ணுக்காகக் கொடுக்கிற வைட்டமின் ஏ மருந்து, நாங்கள் இரண்டு தடவை வீடு மாறியதில் விட்டுப்போயிருந்தது. மருந்து கொடுத்த நர்சம்மா, "கொழந்தை என்ன சாப்பிடறா?" என்று கேட்டார்.

"ஆப்பிள்" என்றேன். தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

"ஆப்பிளா? சரி. கீரை?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"கேரட்டு? மாம்பழம்? பப்பாளி?"

ஒவ்வொன்றுக்கும் அதே தலையாட்டல். நர்சம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஆப்பிள் கண்ணுக்கு ஒண்ணும் பண்ணாதும்மா. சீக்கிரமா கூட்டினு வந்துட்ட, சரியாப் போயிடும். ஆனா சாப்பாட்ட மாத்தலன்னா திரும்பவும் வரும். முருங்கைக் கீரை குடு, பப்பாளி குடு. ஊர்ல எல்லா வூட்டுப் பின்னாடியும் காச்சுத் தொங்குதே, பாத்ததில்ல?"

பார்த்திருந்தேன். ஒரு வருஷமாகத் தினமும் இரண்டு வேளை பார்த்திருந்தேன்.

திரும்புகிற வழியிலேயே முருங்கைக் கீரை வாங்கி, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். பப்பாளிதான் பாக்கி. சம்பளப் பணம் வாடகைக்கும் கடைக்கும் பிரிந்துபோயிருந்தது, மரமோ இருபதடி தூரத்தில் நின்றது. வீட்டுக்காரம்மா தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு பப்பாளி வேணும்."

திரும்பிப் பார்க்காமலே, "உங்களுக்குத்தான் ஆவாதே" என்றாள்.

பிள்ளைக்குக் கண் சரியில்லை என்று மட்டும் சொன்னால் போதும், கொடுத்திருப்பாள். ஆனால் வாயைத் திறந்ததும் எல்லாம் வந்துவிட்டது. அந்த இரண்டு துண்டு, மூன்றாம் நாள், மாமியார் சுவரைப் பார்த்துச் சொன்னது. கட்டின புருஷனிடம் சொல்லாததை, ஒரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத ஒருத்தியிடம் மாட்டுச் சாணத்துக்கு நடுவில் நின்று சொன்னேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாமே?" என்றாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எனுக்கும் ரெண்டு போச்சு. ஒண்ணு மூணு மாசம், இன்னொண்ணு அஞ்சு மாசம். நா இன்னாத்த துன்னேன்? வாந்தி எடுத்துக்கினு கஞ்சித் தண்ணி கூட எறங்கல. அதுக்கோசரம் கஞ்சி மேல பழி போடறதா?"

அவள் துரட்டிக் கம்பை எடுத்து வந்து, பழுத்ததாகப் பார்த்து ஒன்றைத் திருகி இறக்கினாள். என் கையில் கொடுத்து, "தெனிக்கும் வந்து எடுத்துக்கோ. மாடு கோச்சுக்காது" என்றாள்.

மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் அறுத்தேன். பிள்ளை தாடையில் சாறு வழிய வழியத் தின்றாள். பாதியில் என்ன தோன்றியதோ, ஒரு துண்டை என் வாய்ப் பக்கம் நீட்டினாள். பகல் வெளிச்சம், கை சரியாக வந்தது. வாங்கித் தின்றேன். நன்றாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை, அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டுச் சட்டி நிறம் மாறியது. ஒருநாள் கீரை, ஒருநாள் கொல்லைப் பப்பாளிக்காய்க் கூட்டு, ஒருநாள் கூறு கட்டி விற்கிற பரங்கிக்காயோ முள்ளங்கியோ. கடைக்காரம்மாவிடம் நானே போய், "கொத்தவரங்கா குடுங்க" என்று கேட்டேன். "தேறிட்டியே" என்று ஒரு பிடி கொத்தமல்லி கொசுறு போட்டாள். பிள்ளை மெல்ல மெல்ல என் சேலையை விட்டாள். ஆனாலும் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பொழுது சாயும் முன்னே லைட்டைப் போட்டுவிடுவேன்.

அடுத்த சம்பளத்தன்று அவர் டிபன் பையில் அரைக் கிலோ கேரட் வந்தது. கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் ஒரு கூமுட்டைளா" என்றார். "நாம ரெண்டு பேரும்தான்" என்றேன். பிள்ளை பையைக் கவிழ்த்துப் பார்த்து, "ஸ்டிக்கர் எங்க?" என்றாள். இதில் இருக்காது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது.

நான் எழுந்திருக்கும் முன்னால் அவள் நடந்துவிட்டாள். வாசலில் அந்தப் பழைய மங்கல் வெளிச்சம்தான். வழியில் இருந்த குடத்தைச் சுற்றிக்கொண்டு போனாள், யாரையும் பிடிக்கவில்லை. கதவு நிலைக்குக் கீழே நின்று தலையை அண்ணாந்து, தன்னுடைய ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அம்மா, இது ஒண்ணு மட்டும் செவுத்துல கோணலா இருக்கு. யாரு ஒட்டுனா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான் ஒட்டுனேன்" என்றேன்.