மணவறை வண்டியின் பிரேக் லைட்

தங்கையின் கலியாணம் ஹனோவரில், சனிக்கிழமை காலை. மணவறை டோர்ட்மண்டில், எங்கள் வீட்டில். அதை என் கணவர் மூன்று மாதமாக நிலவறைக்குள் கிடந்து தன் கையாலேயே செய்திருந்தார். பலகை வெட்டினார், ஸ்டைரோபோர் என்கிற வெள்ளை நுரைப்பலகையில் யாளி செதுக்கினார், பொன்வர்ணம் அடித்தார். வாடகைக்கு ஒன்று எடுத்தால் போதாதா என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்துவிட்டது. "என்ர மச்சாளுக்கு வாடகை மணவறையோ?" என்பார். அதை ஏற்றிப்போகவென்றே பழைய ட்ரெய்லர் ஒன்றையும் வாங்கி வந்தார். அது 2005, 2006 வாக்கில்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணி வரைக்கும்தான் மண்டபத்துக் காவலாளி எங்களுக்காகக் காத்திருப்பார். அதன் பிறகு சாவி கிடைக்காது. சனி விடிய மணவறையைப் பொருத்தி நிறுத்த நேரம் காணாது. ஆகவே நாலுக்குள் போய்ச் சேராவிட்டால் என் தங்கை வெறும் சுவருக்கு முன்னால் மணப்பெண்ணாக இருக்கவேண்டியதுதான். ட்ரெய்லரோடு ஓட மூன்று மணித்தியாலம் பிடிக்கும்.

பத்து மணிக்கே எல்லாம் ஏற்றிக் கட்டியாயிற்று. புறப்பட முன் விளக்குகளைப் பார்ப்பது இவருடைய வழக்கம். நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். இவர் பின்னால் போய் நின்றார்.

"பிரேக்கை மிதியும்!"

"மிதிச்சிட்டன்!"

"ஏன் சிக்னலைப் போடுறீர்?"

"நான் ஒண்டையும் தொடேல்லை!"

பிரேக் மிதித்தால் சிவப்பு விளக்கு அழுதுவடிந்தது, கூடவே மஞ்சள் சிக்னல்களும் மங்கலாக எரிந்தன. சிக்னல் போட்டாலோ எல்லா விளக்கும் சேர்ந்து சிமிட்டின. இவர் பல்புகளை மாற்றினார். ஃபியூஸைப் பார்த்தார். பிளக்கின் பின்மூடியைக் கழற்றி வயர்களை இறுக்கினார். எங்கள் காரில் பதின்மூன்று துளைச் சொக்கெட், ட்ரெய்லரில் ஏழு ஊசிப் பிளக், இரண்டுக்கும் நடுவே ஒரு அடாப்டர். அதுதான் பழுது என்று கடைக்கு ஓடிப் புதிது வாங்கி வந்து மாட்டினார். திரும்பவும் அதே சிமிட்டல்.

நான் சும்மா இருப்பேனா? "சொன்னனான், கேட்டீங்களோ? உந்த ஓட்டை வண்டியைக் கட்டி இழுக்கிறதுக்கு நானே மணவறையைத் தலையில தூக்கிக்கொண்டு நடந்திருப்பன். சரி, எரியாட்டி எரியாமல் இருக்கட்டும், போவம்" என்றேன்.

"பின்னால வாறவனுக்கு நான் பிரேக் பிடிக்கிறது தெரியாது. ஏலாது" என்றார். அவ்வளவுதான். கோபம்கூட வரவில்லை மனிதனுக்கு. அது என் கோபத்தை இன்னும் கூட்டியது.

பன்னிரண்டுக்குத் தங்கை கைபேசியில் அழைத்தாள். "வெளிக்கிட்டாச்சோ அக்கா?"

"ஓம், ஓம், இந்தா வெளிக்கிடுறம்."

பொய் அவளுக்கு விளங்கிவிட்டது. "ஏலாட்டி விடுங்கோ அக்கா. சுவருக்கு முன்னால இருந்தும் தாலி கட்டலாம்தானே" என்றாள். குரல் தேய்ந்துபோயிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அதையும் சேர்த்து இவர்மேல்தான் கொட்டினேன்.

என் சத்தம் கேட்டோ என்னவோ, கீழ்வீட்டு ஜெர்மன்காரர் வீட்டுச் செருப்போடு வெளியே வந்தார். ட்ராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். விளக்குகளின் கூத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, எர்த் இல்லை என்றார். மின்சாரம் போகிறது, திரும்பி வர வழியில்லாமல் மற்ற விளக்குகளுக்குள்ளால் ஓடித் திரிகிறது என்று விளக்கினார். நீள வயர் ஒன்றை எடுத்துவந்து ஒரு முனையை ட்ரெய்லர் விளக்கின் எர்த்திலும் மறுமுனையை காரின் இரும்பிலும் பிடித்தார். நான் மிதித்தேன். இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன.

அப்படியானால் பிழை பிளக்கில்தான். இவர் அதை இழுத்தெடுத்து, அன்றைக்கு முதல்முறையாக அதன் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். ஊசிகளுக்கு நடுவே மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகிக் கிடந்தது. ஒரு ஊசி முழுவதுமே அதற்குள் மறைந்திருந்தது. கீழ்வீட்டுக்காரர் குனிந்து மணந்து பார்த்தார். தொத்திறைச்சிக்குப் பூசுகிற கடுகு விழுதா என்று கேட்டார்.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். அது சந்தனம். இரண்டு கிழமைக்கு முன் சரஸ்வதி பூசையன்று தையல் மெஷினுக்கு, கம்ப்யூட்டருக்கு, காருக்கு, இவருடைய துளைபோடும் மெஷினுக்கு என்று பொட்டு வைத்துக்கொண்டே போனவள் நான். ட்ரெய்லர் முழுக்கச் சேறு. முகம்போல வட்டமாக, துப்புரவாக இருந்தது அந்தப் பிளக் ஒன்றுதான். தங்கையின் மணவறையைச் சுமக்கப்போகிற வண்டி என்று சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து அப்பியிருந்தேன்.

இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். இது ஆசீர்வாதத்துக்கு வைப்பது என்று இவர் ஜெர்மனில் சொல்ல, அவர் வெகு மரியாதையாகத் தலையசைத்து, நல்ல பலமான ஆசீர்வாதம், மின்சாரத்தைக்கூட உள்ளே விடவில்லை என்றார். சுரண்டித் தேய்க்க ஒரு பிரஷ் கேட்டார்கள். என் பல் பிரஷையே கொண்டுவந்து கொடுத்தேன்.

ஐந்து நிமிடத்தில் எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தன. ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கப் புறப்பட்டோம். காலையிலிருந்து நான் சொன்னதெல்லாம் இனித் திரும்பி வரும் என்று வழி நெடுகக் காத்திருந்தேன். இவரோ வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ஓட்டினார்.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்க மண்டபத்து வாசலில் நின்றோம். தங்கை ஓடிவந்து ட்ரெய்லரை மூடியிருந்த படங்குத் துணியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். யாளியைக் கண்டதும் சின்னப்பிள்ளைபோலக் கூவினாள். பிறகு, "என்ன அத்தான், இவ்வளவு நேரம்?" என்றாள். சுற்றிவரச் சொந்தக்காரர் ஒரு பட்டாளமே நின்றது.

"என்ர பிழைதான். பிளக்கை வடிவாப் பாக்கேல்லை" என்றார் இவர்.

ஏச்சைத் தாங்குவேன். இதை எப்படித் தாங்குவது? "இல்லை, நான்தான்! சந்தனத்தை அப்பினது நான்தான்!" என்று கத்தினேன். அழுதழுது முழுக்கதையையும் சொல்லச் சொல்ல, அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் அழுகையும் நடுவழியிலேயே சிரிப்பாகிவிட்டது.

தங்கைதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். இவருடைய கையைப் பிடித்தாள்.

"அத்தான், நாளைக்குத் தாலி கட்ட முதல், மாப்பிள்ளையைக் கொஞ்சம் தனியக் கூப்பிட்டு 'என்ர பிழைதான்' எண்டு எப்பிடிச் சொல்லுறதெண்டு பழக்கிவிடுங்கோ."