கால் ஊன்றாத முந்நூறு மீட்டர்

மதுரை ஆரப்பாளையத்தில் அதிகாலை நான்கரை மணிப் பேருந்து. தேனிக்கு ஆளுக்கு இருபத்தெட்டு ரூபாய், கூரையில் ஏற்றிய சைக்கிளுக்கும் அதே கட்டணம். சைக்கிளுக்கும் முழு டிக்கெட்டா என்று சரவணன் முணுமுணுத்தான். மனிதனையாவது நெருக்கி உட்கார வைக்கலாம், இதை என்ன செய்வது என்று நடத்துனர் கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. 2009, தை மாதம், ஒரு சனிக்கிழமை. இருவரும் அலுவலகத்தில் ஒரு நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தோம்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு, மாசி மாதத்தில், போடியிலிருந்து கோம்பை வரை மேற்கு மலையின் அடிவாரப் பாதைகளில் நான் தனியாக இரண்டு நாள் சைக்கிள் ஓட்டினேன். ஊருக்குத் திரும்பியதும் எங்கள் மின்னஞ்சல் குழுவுக்கு ஒரு குறிப்பு எழுதினேன். மதுரைப் பக்கம் கியர் சைக்கிள் வைத்திருக்கும் நாற்பது பேர் அந்தக் குழுவில் இருந்தோம். எங்கே திரும்புவது, எத்தனை கிலோமீட்டர், எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று எல்லாம் கணக்காக எழுதினேன். கடைசிப் பாதையைப் பற்றி மட்டும் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தேன்: “கரை மேல் முந்நூறு மீட்டர், முழுவதும் ஏறியே போகலாம், ஒரு இடத்திலும் கால் ஊன்ற வேண்டியதில்லை.” அந்த வரிதான் குழுவில் பிரபலமானது. ஐந்து பேர், பத்துப் பேர் என்று கிளம்பிப் போனார்கள். யார் கால் ஊன்றினார்கள், யார் ஊன்றவில்லை என்று ஒருவரை ஒருவர் கேலி செய்து எழுதிக்கொண்டார்கள். எனக்கு உள்ளூர ஒரே பெருமை.

சரவணன் என் அலுவலகத்துக்காரன், என்னை விட எட்டு வயது இளையவன். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பதினெட்டு கியர் சைக்கிள் வாங்கினான். குறிப்பை அச்செடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தான். வைகைக் கரையில் மூன்று மாதம், செங்கல்லை வரிசையாக அடுக்கி அதன் மேல் ஓட்டிப் பழகியிருந்தான். அந்த முந்நூறு மீட்டரை என் கண்முன்னால் முடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை.

6.40. தேனிப் பேருந்து நிலையத்தில் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிற சனிக்கிழமைக் கூட்டம் நிரம்பி வழிந்தது. எள்ளெண்ணெய்ப் பாட்டிலும் கருப்புத் துண்டுமாக நின்ற ஒருவர், இந்த வண்டியில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். மலையடிவாரத்துக்கு என்றேன். அங்கே என்ன கோயில் என்றார். கோயில் இல்லை, சும்மா ஓட்டத்தான் என்றதும், என் மேல் ஏதோ தோஷம் இருப்பதைப் போல ஒரு பார்வை பார்த்தார்.

போடி பதினைந்து கிலோமீட்டர். எதிர்காற்று இல்லை, ஆடியில் வந்திருந்தால் இந்தச் சாலையில் மிதிக்கிற மிதியெல்லாம் காற்றுக்கே போய்விடும். 7.45க்குப் போடி. ஆறு இட்லி, ஒரு வடை, டீ, ஆளுக்குப் பத்தொன்பது ரூபாய். கடைக்கு எதிரே கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் நின்றன. ஒவ்வொன்றிலும் பெண்கள் மடியில் தூக்குவாளியோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் சைக்கிளையும் அரைக்கால் சட்டையையும் பார்த்து ஒரு ஜீப் முழுக்கச் சிரித்தது.

போடியிலிருந்து தெற்கே சிலமலை, ராசிங்கபுரம், தேவாரம். இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. வலது கைப்பக்கம் மலை கூடவே வரும். மாந்தோப்பு, இலவந்தோப்பு, தென்னை, நடுவில் பொட்டல் என்று மாறி மாறி வருகிற சாலை. தார் போட்ட இடங்களில் ஏமாந்துவிடக் கூடாது. ஓடைப் பாலம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் சரளை கிடக்கும். சரவணன் முன்னால் போய்ப் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். தேவாரத்தில் மணி பத்தேகால். இரண்டு இளநீர், ஆளுக்கு எட்டு ரூபாய்.

அங்கிருந்து கோம்பைக்குப் போகிற வழியில் மலைப்பக்கம் திரும்பினோம். எந்த இடத்தில் திரும்பினோம், எத்தனை கிலோமீட்டர் உள்ளே போனோம் என்பதை இந்தக் கட்டுரையில் எழுதப்போவதில்லை. பயணக் கட்டுரை எழுதுகிறவன் இப்படிச் சொல்வது மரியாதை இல்லைதான். காரணம் கீழே இருக்கிறது.

பதினொன்றுக்குப் பாதை தொடங்கும் இடத்தில் நின்றோம். பாதை அடைத்துக் கிடந்தது. வேலிக்கருவை முள்ளை ஆள் உயரத்துக்கு வெட்டிப் போட்டு, மேலே பாறாங்கல்லை வைத்திருந்தார்கள். முள்ளுக்கு அந்தப் பக்கம் மொச்சை பறித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். ஈஸ்வரி. போன முறை எனக்குத் தண்ணீர் கொடுத்தவர். நாற்பது வயது இருக்கும். மானாவாரி நிலத்தை இங்கே காடு என்றுதான் சொல்கிறார்கள். மலைச் சரிவில் படிப்படியாக இறங்கும் அந்த மூன்று ஏக்கர் காட்டை அவர்தான் பார்க்கிறார். கணவர் ஏலத் தோட்டத்தில் தங்கி வேலை செய்கிறவர். படிக்கும் படிக்கும் நடுவே கல்லும் மண்ணுமாகக் கட்டிய கரை. அந்தக் கரை மேல்தான் பாதை.

யாரோ என்று சலித்துக்கொண்டு வந்தவர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

“வாங்கண்ணே. நீங்கதான மொதல்ல வந்தவுக? ஏறிப் போகாதீக, கரை தாங்காதுன்னேன். சொன்ன சொல்லுக்கு எறங்கி, கடேசி வரைக்கும் உருட்டிட்டே போனீக.”

சரவணன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான். அவன் கையில் அந்தப் பிளாஸ்டிக் உறை இருந்தது.

உண்மை அதுதான். அன்று நான் ஒரு மீட்டர் கூட ஏறி ஓட்டவில்லை. அவர் சொன்னார், நான் இறங்கினேன். சொல்லாவிட்டாலும் இறங்கியிருப்பேன், ஒரு பக்கம் ஆள் உயரப் பள்ளம், எனக்குப் பயமாக இருந்தது. ஊருக்கு வந்து தட்டச்சு செய்யும்போது மட்டும் கை வேறு மாதிரி எழுதிவிட்டது. இரண்டு நாள் ஓட்டிவிட்டுக் கடைசியில் உருட்டினேன் என்று எழுத வெட்கமாக இருந்தது. யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஈஸ்வரி முள்ளை ஒதுக்கி எங்களை உள்ளே விட்டு, கரையைக் காட்டினார். ஆண்டாண்டு காலமாக மனிதர் நடந்த கரை அது. கால் பட்டால் மண் இறுகும். சக்கரம் அப்படி இல்லை. ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப அறுக்கும். நடுவில் ஒரு சாண் ஆழத்துக்குக் கோடு விழுந்திருந்தது. ஐப்பசி மழையில் மலைத் தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் மாதிரி ஓடி, வளைவில் முட்டிக் கரையைத் தள்ளியிருக்கிறது. மூன்று இடத்தில் உடைப்பு. கீழ்ப்படியில் பாதிக் காடு சரளை மூடிக் கிடந்தது. சரளைக்கு நடுவே அங்கங்கே நாலு மொச்சைச் செடி நின்று காய்த்திருந்தது. அவர் பறித்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

பிறகு வந்தவர்களிடமும் அவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். கால் ஊன்றினால் தோற்றுப்போவோம் என்று சிரித்துக்கொண்டே போனார்களாம். கரை உடைந்த பிறகுதான் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார். அதில் வேறு வினை. மலைக்கு வேலைக்குப் போகிற ஊர்க்காரர்களுக்கும் அதுதான் வழி. இப்போது அவர்கள் ஓடையைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் கூடுதலாக நடக்கிறார்கள். சொந்தக் கொழுந்தன் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. பொங்கலுக்குக் கூட யாரும் இவர் வீட்டுப் படி ஏறவில்லை.

“எவனோ எழுதி வச்சானாம்ணே, காலே ஊனாமப் போகலாம்னு. அவன் இந்தக் கரையக் கண்ணால பாத்திருப்பானா?”

எழுதியது நான்தான் என்று சொன்னேன்.

அவர் மடியிலிருந்த மொச்சையைச் சாக்கில் கொட்டினார். திட்டுவார் என்று நின்றேன், திட்டியிருந்தால் தேவலை.

“நீங்கதான் எறங்குனீகளே?”

“ஆமாம்மா. ஏறிப் போனதா எழுதிட்டேன்.”

“எறங்குனேன்னு எழுதுனா என்னண்ணே கொறைஞ்சு போயிருப்பீக?”

உருண்டு கிடந்த கல்லையாவது எடுத்து அடுக்குகிறோம் என்றான் சரவணன். வேண்டாம் என்றார், தெரிந்த ஆள் கட்டினால்தான் நிற்குமாம், பங்குனிக்கு ஆள் சொல்லியிருக்கிறாராம். “நீங்க போங்க. இங்கன நின்டா பாக்குறவுக என்னத்தான் கேப்பாக,” என்றார். நாங்கள் வெளியே வந்ததும் முள்ளை இழுத்துப் பழையபடி அடைத்தார். இந்த முறை அவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வாங்கிக் குடிக்க எனக்கு முகம் இல்லை.

கோம்பை வழியாக உத்தமபாளையம் வரும்வரை சரவணன் எனக்குப் பின்னாலேயே வந்தான். முன்னால் போய் நிற்கவில்லை. மணி இரண்டு. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஆளுக்கு இரண்டு பரோட்டா சாப்பிட்டோம். சைக்கிளைக் கூரையில் ஏற்றிக் கட்டும்போது மட்டும் கேட்டான், “மத்த பாதையெல்லாமாவது நெசந்தானா சார்?” நிஜம்தான் என்றேன். அவன் தலையாட்டியது நம்பித்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

மதுரையில் நான் இருக்கும் தெரு தார்ச் சாலை. நாள் முழுக்க அதில் ஓட்டினாலும் தடம் பதியாது. எதையும் கெடுக்காமல் ஓட்டுகிறவன் என்று இத்தனை காலம் என்னை நினைத்துக்கொண்டிருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் அடுத்தவர் காட்டைக் கெடுத்தேன்.

மறுநாளே குழுவுக்கு எழுதினேன். அந்தக் கரையில் நான் இறங்கி உருட்டினேன், எழுதியது பொய், இனி யாரும் அங்கே போகாதீர்கள், கரை உடைந்துவிட்டது, பாதை அடைத்தாகிவிட்டது என்று விவரமாக. இரண்டு நாளில் ஏழு பதில்கள் வந்தன. ஆறு பேர் வருத்தம் தெரிவித்திருந்தார்கள். ஏழாமவர், அப்படியானால் கால் ஊன்றாமல் அதை முதலில் முடித்தது யார் என்று கேட்டிருந்தார்.