ஆப்பிள் கிரம்பிளின் கடைசி அடுக்கு

“...அதான் கேக்குறேன், ஆளுக்கொரு கிளாஸ வச்சுக்கிட்டு தனித்தனியா திங்கிறதுக்கு நாங்க என்ன சண்டை போட்டுக்கிட்டா வந்திருக்கோம்?”

கேட்டவர் மாப்பிள்ளையின் பெரியம்மா. இடம், அதிராம்பட்டினத்தில் ஒரு கல்யாண வீட்டின் பின்கட்டு. பகல் பன்னிரண்டரை மணி. என் முன்னால் மேசையில் ஆப்பிள் கிரம்பிள் என்கிற இனிப்பு இருநூற்று நாற்பது கிளாஸில் வரிசையாக நின்றது. பெண்கள் பந்தி உட்கார அரை மணி நேரம்கூட இல்லை. ஆர்டர் கொடுத்த நசீமா, அதாவது மணப்பெண்ணின் அம்மா, என் பக்கத்தில் நின்று முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னேன் என்பதற்கு முன்னால் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு உபயோகப்படும். தொழில் தெரிந்தால்தான் மீதிக் கதையும் விளங்கும்.

1. புட்டு மாவுப் பதம்

நான் கேட்டரிங் காலேஜுக்குப் போனதில்லை. தஞ்சாவூரில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் ஓவன், ஒரு ஃப்ரிட்ஜ், இவ்வளவுதான் ஆரம்பம். செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். கிரம்பிள் என்பது மேலே தூவுகிற மொறுமொறு தூள். அதற்கு, வீடியோவில் வந்த வெள்ளைக்காரம்மா மாவையும் வெண்ணெயையும் விரலால் பிசிறிவிட்டு, ரொட்டித் தூள் மாதிரி வந்தால் போதும் என்பார். எனக்கு அந்த ரொட்டித் தூள் பிடிபடவே இல்லை. ஒரு தடவை இறுகி அடையாகிவிட்டது. அடுத்த தடவை ஆற்று மணல்.

அன்றிலிருந்து இன்றுவரை என்னோடு வேலை பார்ப்பவள் செல்வி. அவள் ஒருநாள் பேசினுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். “இது புட்டு மாவுதாங்க்கா. இதுக்குப் போயி வெள்ளக்காரிகிட்ட பாடம் கேக்குறீங்களே” என்றாள்.

அதேதான். பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். அதற்கப்புறம் எங்களுக்குக் கிரம்பிள் தப்பியதில்லை.

ஐந்து பங்கு மைதாவுக்கு ஒரு பங்கு பச்சரிசி மாவு சேருங்கள், மொறுமொறுப்பு நிற்கும். வெண்ணெய் சில்லென்று இருக்க வேண்டும். நூற்றெழுபது டிகிரியில் பொன்னிறமாகும்வரை வையுங்கள், நடுவில் ஒருதரம் கிளறிவிடுங்கள். ஆப்பிளில் பாதி பச்சை, பாதி சிவப்பு. வெறும் சிவப்பில் செய்தால் இனிப்பு மட்டும்தான் இருக்கும், சாப்பிட்டவர்கள் இரண்டாவது ஸ்பூனிலேயே தண்ணீர் கேட்பார்கள். நாட்டுச் சர்க்கரை, பட்டைத் தூள், எலுமிச்சைச் சாறு போட்டு, துண்டு குழையாமல் வேகவையுங்கள். நன்றாக ஆறிய பிறகுதான் கிளாஸுக்குப் போக வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு போட்டால் கிரீம் உருகி, அடுக்கு இருந்த இடம் தெரியாது.

அடுக்கு மொத்தம் நாலு. கீழே ஆப்பிள், அதன்மேல் கிரீம், மறுபடி ஆப்பிள், உச்சியில் கிரம்பிள். வெளியிலிருந்து பார்த்தால் கோடு போட்ட மாதிரி தெரிய வேண்டும்.

இதை இங்கே யாருக்கும் தெரியாத காலத்தில் கும்பகோணத்தில் ஒரு வீட்டு விசேஷத்துக்குக் கொடுத்தேன். வீட்டுக்காரர் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “வர்ற வழியில பிஸ்கட் ஒடஞ்சிருச்சாம்மா? பரவாயில்ல, ருசி ஒடையாம இருந்தா சரி” என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை ஆர்டர் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன். நல்ல பேச்சு யார் வாயிலிருந்து வந்தாலும் அந்தப் பின்பக்கத்துக்குப் போய்விடும். இப்போது முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் தடிமன்.

2. கடற்காற்று

அதிராம்பட்டினத்துக்கு நான் முதன்முதலில் போனது நசீமா வீட்டுக் கல்யாணத்துக்கு அல்ல. அதற்கு முந்தின வருஷம் அதே தெருவில் ஒரு புதுவீட்டுக்குக் குடிபோகிற விசேஷம். தஞ்சாவூரிலேயே நாலு அடுக்கும் போட்டு, கிளாஸுக்கு மூடி போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாகக் கொண்டுபோனோம். கிரீமின் ஈரம் கீழிருந்து ஏறிவிட்டது. அங்கே போய் மூடியைத் திறந்துவைத்ததும் கடற்காற்று மேலிருந்து இறங்கிவிட்டது. பரிமாறும்போது கிரம்பிள் சத்தமே இல்லாமல் படுத்துக் கிடந்தது.

அந்த வீட்டு அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கேட்டார். “மேல இருக்கிறது ஊறவச்ச சத்துமாவாம்மா? ஒடம்புக்கு நல்லதுதான்.”

அதுவும் பின்பக்கத்தில் இருக்கிறது.

அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன். கிளாஸில் மூன்று அடுக்கு மட்டும்தான் பயணம் செய்யும். கிரம்பிள் தனியாக, காற்று புகாத டின்னில் வரும். பந்தி உட்கார்ந்த பிறகுதான் டின்னைத் திறப்போம். செல்வி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கைவேகத்தில் தூவிக்கொண்டே போவோம்.

3. அறுபது தட்டு

அந்த ஊரில் விருந்து என்றால் சஹன்தான். சஹன் என்பது அகலமான பெரிய தட்டு. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அன்றைக்குப் பெண்கள் பக்கம் அறுபது சஹன், நாலு பேர் வீதம் இருநூற்று நாற்பது கிளாஸ். கணக்கைச் சரியாகக் கேட்டுக்கொண்டு வந்த நான், அதன் அர்த்தத்தைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

பெரியம்மா சத்தம் போடவில்லை. “நசீமா, ஒன் மேல குத்தம் சொல்லல. ஆனா எங்க பந்தியில இது வராது. உள்ள எடுத்து வைக்கச் சொல்லு” என்றார். சொல்லிவிட்டுப் பந்திக்கூடத்துக்குப் போய்விட்டார்.

நசீமா என் கையைப் பிடித்துக்கொண்டார். “மக ஆசப்பட்டாளேன்னு சொன்னேங்க்கா. ரெண்டு வீடும் மொத மொதல்ல சேந்து உக்கார்ற சாப்பாடு. மாப்ளையோட பெரியம்மா, அந்த ராத்தா தொடலன்னா அவங்க பக்கம் ஒருத்தரும் தொடமாட்டாங்க. அத்தனை பேர் முன்னாடி இனிப்பு அப்புடியே திரும்பி வந்தா, நாளைக்கு நான் எப்புடி அவங்க வீட்டுப் படி ஏறுவேன்?”

செல்வி என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள். “பேசாம எல்லாத்தையும் சட்டியில கொட்டி நாலு பேருக்கு ஒரு கிண்ணம்னு வச்சிரலாமாக்கா?”

“கொட்டுனா அது கிரம்பிள் இல்லடி, கஞ்சி” என்றேன்.

எனக்கு முதலில் வந்தது ரோஷம்தான். விடியற்காலையிலிருந்து நின்று செய்தது. பிறகு யோசித்தால், அந்த அம்மா கேட்டதில் என்ன தப்பு? நெய்ச்சோற்றை நாலு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். இனிப்பு வரும்போது மட்டும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கையில் கொடுத்து, இனி அவரவர் பாடு என்றால் நன்றாகவா இருக்கும்?

அப்போதுதான் மேசைக்குக் கீழே இருந்த ஆறு டின்னும் கண்ணில் பட்டது. கிரம்பிளை இன்னும் கிளாஸில் போடவில்லை. போட்டிருந்தால் வழியே இல்லை.

“நசீமா, சாப்பிட்டு சஹன எடுத்ததும் பழம் வைப்பீங்களே, அந்தத் தட்டு எத்தனை இருக்கு?”

“சஹனுக்கு ஒன்னுங்க்கா. அறுபதும் கழுவி வச்சிருக்கு.”

“பழம் கொஞ்சம் பொறுத்து வரட்டும். தட்ட மட்டும் இங்க குடுங்க.”

சஹனை எடுக்கிற நேரம் பார்த்து டின்னைத் திறந்து, ஒவ்வொரு தட்டின் நடுவிலும் கிரம்பிளைக் குவித்தோம். குவியலைச் சுற்றி நாலு கிளாஸ், நாலு ஸ்பூன். கிளாஸ் ஆளுக்கொன்று, மேல் அடுக்கு நாலு பேருக்கும் சேர்த்து ஒன்று. செல்வி தட்டைப் பார்த்துவிட்டு, “முடிக்காத வேலைய அவங்க தலையில கட்டுறோம்க்கா” என்றாள். உண்மைதான். அந்த வேலையைத்தான் அவர்கள் சேர்ந்து செய்யட்டும் என்று நினைத்தேன். ஆனால் அது நடக்குமா, இருநூற்று நாற்பதும் திரும்பி வண்டியில் ஏறுமா என்று எனக்குத் தெரியாது.

இப்போது நான் எந்த ஊருக்குப் போனாலும், நாலு பேர் சேர்ந்து உட்கார்கிற விசேஷம் என்றால் கிரம்பிளை நடுத்தட்டில்தான் வைக்கிறேன். பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். எத்தனை பேர், எத்தனை கிளாஸ் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அவர்கள் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்றும் கேளுங்கள். நம் கை வேலை முழுசாகத் தெரிய வேண்டும் என்று எல்லா அடுக்கையும் நாமே போட்டு மூடிவிடாதீர்கள். கடைசி அடுக்கைச் சாப்பிடுகிறவர்களுக்கு விட்டுவைக்கலாம். இதை நான் எந்த வீடியோவிலும் பார்க்கவில்லை.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

பெரியம்மா உட்கார்ந்திருந்த சஹனுக்கு நானே தட்டைக் கொண்டுபோனேன். சம்பந்தி என்பதால் நசீமாவும் அதே சஹனில்தான் இருந்தார். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. சுற்றிலும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஸ்பூனைத் தொடாமல் பெரியம்மாவையே பார்த்தார்கள்.

பெரியம்மா கிளாஸைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“இது என்னம்மா, நடுவுல?”

“இது சேந்தாத்தான் கிளாஸ்ல இருக்கிறது முழுசாகும்மா.”

“யாரு போடணும்?”

“யாரு வேணாலும் யாருக்கு வேணாலும் போடலாம்மா.”

அவர் சேலையை ஒதுக்கிக்கொண்டு குவியலில் கை நிறைய அள்ளினார். பக்கத்தில் இருந்த நசீமாவின் கிளாஸைத் தன் பக்கம் இழுத்து, அதன்மேல் நிரவலாகத் தூவினார். விரலில் ஒட்டியிருந்த மிச்சத்தை உதறாமல் வாயில் போட்டு, நாங்கள் எல்லோரும் கேட்கக் கறுக்கென்று கடித்தார்.