இலை என்ன கலர்?

இன்னிக்கு ஜெனி ஸ்கூல்ல...

(ஜெனி என் பொண்ணு. யூகேஜி. வயசு அஞ்சு, வாய்க்கு மட்டும் பதினஞ்சு!)

ஒன்னாவதுக்கு அனுப்பலாமா, இன்னொரு வருசம் யூகேஜியிலயே உக்கார வைக்கலாமான்னு முடிவு பண்ற மீட்டிங்.

காலைல இருந்து எனக்கு ஒரு வாய் இறங்கல. மஞ்சூர் பஸ்ல வளைவுக்கு வளைவு "எல்லோ, க்ரீன், ப்ளூ"ன்னு அவளைச் சொல்ல வெச்சுக்கிட்டே வந்தேன். பக்கத்து சீட்டு அக்காவுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்!

வராண்டால அரை மணி நேரம் வெயிட்டிங். உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல.

எதிர்ல மெரூன் ஸ்வெட்டர் ஒரு குவியல். எல்லாம் ஒரே மாதிரி. ஒரு குட்டிப் பொண்ணு ஒவ்வொன்னா மோந்து பாத்து "இது ரோஷன், இது பவித்ரா"ன்னு எடுத்து நீட்டுது. ஒன்னு கூட தப்பல!

இன்னொரு வாண்டு, அழுதுட்டிருந்த எல்கேஜி குழந்தை பக்கத்துல போய் சும்மா உக்காந்துச்சு. ஒரு வார்த்தை பேசல. ரெண்டே நிமிசத்துல அழுகை நின்னுடுச்சு. (எனக்கு இன்னும் அந்த வித்தை வரல.)

அடடா, ஒவ்வொரு புள்ளைக்கும் ஒவ்வொரு மூளைன்னு நின்னு ரசிச்சேன். ஊரார் புள்ளைன்னா எவ்வளவு பெரிய மனசு பாருங்க எனக்கு!

அப்பறம் உள்ள கூப்பிட்டாங்க.

மிஸ் நல்லவங்கதான். கலர் அடிக்காத டீ இலை படம் ஒன்னைக் காட்டி, "ஜெனி, இதுக்கு என்ன கலர் அடிக்கலாம்?"னு கேட்டாங்க.

இவ யோசிச்சா. "எப்ப மிஸ்?"

"எப்பன்னா?"

"எந்த நேரத்துல இருக்கற இலை மிஸ்?"

எனக்குப் பொறுக்கல. "க்ரீன்னு சொல்லுடி! பஸ்ல அத்தனை தடவை சொன்னீல்ல!"

அவ்வளவுதான். வாயை மூடிட்டா. அதுக்கப்பறம் ஒன்னு, ரெண்டு கூட எண்ணல.

"நீங்க டென்சன் ஆகாதீங்க. நாளைக்குக் காலைல இன்னொருக்கா கூட்டிட்டு வாங்க, அப்ப முடிவு பண்ணிக்கலாங்க"ன்னாங்க மிஸ்.

பஸ் ஸ்டாப்ல எனக்குக் கண்ணீர் அடங்கல. அழுதுக்கிட்டே கேட்டேன், "எந்த நேரம்னா என்னடி?"

"காலைல செடியில க்ரீன்மா. அப்பா ஃபேக்டரியில பரப்பி வெச்சா வாடிப்போய் டார்க் ஆயிடும். மிஷின்ல அரைச்சுக் கொட்டுனா கொஞ்ச நேரத்துல நம்ம செம்புக் கொடம் கலர். உடனே அப்பா அடுப்புக்கு அனுப்பிடுவாரு. அப்ப கருப்பு. மிஸ் எதைக் கேட்டாங்கன்னே எனக்குத் தெரியல."



லீவு நாள்ல அவங்கப்பாவுக்கு டிபன் கேரியர் குடுக்கப் போறப்ப, டீ ஃபேக்டரி வாசல்ல அஞ்சு நிமிசம் நிப்பா. அவ்வளவேதான் அவ பாத்தது!

அந்த செம்பு நிறம் வர்ற நேரத்தைப் பிடிக்கறதுதான் என் வீட்டுக்காரர் வேலையே. விட்டா தூள் கெட்டுடும். கல்யாணமாகி எட்டு வருசம், எனக்கு அந்த வரிசை தெரியாது. நானும் ஒரு நாள் கேட்டதில்ல.

என் முகத்தைப் பாத்தா. சேலையை இழுத்தா.

"அழாதம்மா. நாளைக்கு க்ரீன்னே சொல்லிடறேன்."

செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சுங்க.

தெரிஞ்சதை மறைச்சுப் பேச அஞ்சு வயசுலயே கத்துக்கிட்டா. கத்துக்குடுத்தது மிஸ் இல்ல, நான்.

"வேண்டாம் தங்கம். எங்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லு. அம்மா நடுவுல பேச மாட்டேன்"னேன்.

சொல்லிட்டேனே தவிர, ஒரு வருசம் போயிடுமோன்னு பயம் போகல.

டீச்சருங்க யாராச்சும் இதைப் படிச்சா சொல்லுங்க. உங்க கிளாஸ்ல இப்படி ஒரு புள்ள நாலு கலர் சொன்னா, அதை முழுசா கேக்க உங்களுக்கு நேரம் இருக்குமா?