பாலைமரத்தடியில் ஒரு புளியடி வைரவர்

தர்ப்பை போட்ட கையில் எள்ளும் தண்ணீருமாக, வாய் திறக்காமல் ஐயரையே பார்த்துக்கொண்டிருந்த அத்தானின் முகம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அவர் என் அக்காவின் கணவர். அவருடைய தகப்பனார் காலமான வருடத்து ஆடி அமாவாசை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்தப் பனி நகரத்தில், பார்க் எக்ஸ்டென்ஷன் கோவில் மண்டபத்தில் வரிசையாக ஆண்கள் இருந்து தர்ப்பணம் செய்தார்கள். ஐயர் மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்டார். அத்தான் தகப்பன் பெயரைச் சொன்னார், தகப்பனின் தகப்பன் பெயரையும் சொன்னார். அதற்கு மேல் அத்தானுக்குத் தெரியவில்லை. "தெரியாட்டிப் பரவாயில்லை, பரமசிவன் எண்டு சொல்லுங்கோ" என்றார் ஐயர். தெரியாத எல்லோருக்கும் சொல்வதுதான். அத்தானும் சொன்னார். ஆனால் மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே, "பரமசிவனுக்கு நான் என்னத்துக்கு எள்ளுத்தண்ணி விடவேணும்? அவருக்குத் தாய் தேப்பன் இல்லை. என்ர ஆக்களுக்கு இருந்தவை" என்றார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அவருடைய அப்பப்பா, அந்தத் தகப்பனின் தகப்பன், வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய முதல் ஆட்களில் ஒருவர். யானைக்கும் மலேரியாவுக்கும் தப்பி வயல் கண்ட மனிதர். யாழ்ப்பாணத்தில் எந்த ஊரிலிருந்து போனார் என்று பெற்ற பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லவில்லை. காணி உறுதியிலிருந்து கலியாணப் படம்வரை எல்லாம் யுத்தத்தில் போய்விட்டன. பூட்டனின் பெயரில் மிஞ்சியது, அப்பப்பாவின் பெயருக்கு முன்னால் இருந்த 'க' என்ற ஒரே எழுத்து. ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும் அத்தான் திடீரென்று நிமிர்ந்து, "கனகசபையாயும் இருக்கலாம், என்ன?" என்பார். கந்தையா, கணபதி, கதிர்காமர் எல்லாம் அதற்கு முன்பே வந்துபோயிருப்பார்கள்.

இன்னொரு தடயமும் இருந்தது. வன்னியில் அந்த மனிதர் ஒரு பாலைமரத்தின் கீழே சூலம் நட்டு வைரவரைக் கும்பிட்டு வந்தார். அந்த வைரவருக்கு அவர் வைத்த பெயர் புளியடி வைரவர். சுற்றுவட்டாரத்தில் ஒரு புளியமரம் கிடையாது. விட்டுவந்த ஊரின் சாமியைப் பெயரோடு கொண்டுவந்திருக்கிறார் என்று அத்தானுக்குப் பிடிபட்டது இங்கே, பனிக்குள் பஸ்ஸுக்கு நின்ற ஒரு காலையில். அன்றே எனக்குப் போன் எடுத்தார்.

அதன்பிறகு யாரைக் கண்டாலும் விசாரணை. உங்கட ஊரில புளியடி வைரவர் இருக்கோ, உங்கட பூட்டனார் ஆர்? எங்கள் சனத்திடம் ஊரும் பூட்டனும் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கலியாணம். அத்தானுக்கு ஒரு மகளும் இருந்தாள். ஆகவே மாப்பிள்ளைகளின் சாதகக் குறிப்புகள் வந்து குவிந்தன. எல்லோருடைய பூட்டனும் ஊரை ஆண்ட விதானையாராகவே இருந்தார். மரபணுச் சோதனைக்கென்று மகன் வாங்கிக் கொடுத்த குழாயில் எச்சில் துப்பி அனுப்பியும் பார்த்தார். தென்னாசியர் என்று பதில் வந்தது. அதைக் கண்ணாடியே சொல்லியிருக்குமே என்றேன், அவர் சிரிக்கவில்லை.

கடைசியில் ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் மகனோடு வசிக்கும் ஒரு வயதான அம்மா, தங்கள் குடும்பத்து வைரவர் அதுதான் என்று சொல்லி எங்களை வீட்டுக்கு அழைத்தார். நானும் கூடப் போனேன். உழுந்து வடை, பால் தேத்தண்ணி, புதுச் சீலை. அவருடைய பேரனை மாப்பிள்ளை பார்க்கத்தான் வந்திருக்கிறோம் என்று அம்மா நினைத்திருக்கிறார் என்பது வாசலிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அத்தானுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

"என்ர அப்பப்பாதான் அந்த வைரவரை வைச்சவர்" என்று அம்மா பெருமையாகத் தொடங்கினார். "அவருக்கு ரெண்டு பெடியள். மூத்தவர் என்ர அப்பா. இளையவர் சின்ன வயசிலயே காய்ச்சலில செத்துப்போனார்."

இளையவரின் பெயரை அத்தான் கேட்டார். அம்மா சொன்னார். அது அத்தானின் அப்பப்பாவின் பெயர்.

"அவர் சாகேல்லை அம்மா. வன்னியில காடு வெட்டி, கலியாணம் கட்டி, கிழவனாகித்தான் செத்தவர். நான் அவற்ர மகன்ர மகன்."

அம்மா சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "அவர் பொம்பிளை எடுத்த இடம் சரியில்லை. அப்பவே தலைமுழுகியாச்சு" என்றார். ஆக, அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. காய்ச்சலில் செத்தார் என்பது பிறகு கட்டிய கதை.

"உறவு கொண்டாட வரேல்லை அம்மா. உங்கட அப்பப்பான்ர பேரை மட்டும் சொல்லுங்கோ. தர்ப்பணத்துக்கு."

"பேரைச் சொன்னா உறவெல்லோ தம்பி. என்ர பேரப்பிள்ளைக்குக் கலியாணம் பேசுற நேரம்." அதோடு அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். வடை பாதியில் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வீட்டுக் கதவை அறைந்து சாத்தியிருப்பேன், அத்தான் மெதுவாகச் சாத்தினார். மெட்ரோ ஆற்றுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தபோது, "அவ எனக்கு மாமி முறை" என்றார். "நான் ஆரெண்டு சொல்லாமல் இருந்திருந்தா பேரும் சொல்லியிருப்பா." அந்த அம்மாவின் ஊர்க்காரர் வேறு சிலரையும் கேட்டுப் பார்த்தோம். எங்களுக்கு முன்பே அம்மாவின் போன் அவர்களுக்குப் போயிருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஞாபகமில்லையாம்.

அத்தான் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் பரமசிவனையே சொன்னார். போன மாரிப் பனியில் மாரடைப்பு வந்து அவரும் போய்விட்டார்.

இந்த ஆடி அமாவாசைக்கு அக்காவின் மகன் தர்ப்பணத்துக்கு இருந்தான். அவனுக்குத் தமிழைவிடப் பிரெஞ்சுதான் லேசாக வரும். தடுமாறப்போகிறான் என்று பயந்து நின்றேன். ஐயர் கேட்கக் கேட்கச் சொன்னான்: அத்தானின் பெயர், அத்தானுடைய தகப்பனின் பெயர், வன்னிக்குப் போன அந்த மனிதரின் பெயர். மூன்றும் வந்துவிட்டன. ஐயர் அதற்கு மேல் கேட்கவில்லை.

"இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு ஒண்டும் தெரியாது. தம்பி மூண்டு பேரும் வடிவாச் சொல்லிப்போட்டார்" என்று அவர் சந்தோசப்பட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அத்தான் அலைந்து தேடிய பெயரை இனி எந்த ஐயரும் கேட்கப்போவதில்லை. ஆற்றுக்கு அப்பால் அந்த அம்மா இன்னும் இருக்கிறார். அவருக்கு அந்தப் பெயர் தெரியும்.