கழுவாத கல்

கத்தியானாலும் கத்தரியானாலும் அவள் கையைத் தாண்டாமல் அந்த ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் கைக்கும் போகாது. அறுவை அறையிலிருந்து வரும் கருவிகளைக் கழுவி, நீராவிப் பெட்டியில் வேகவைத்து, உறையிலிட்டு, முத்திரை ஒட்டி அனுப்பும் பிரிவுக்கு இருபத்தாறு வருடமாக அவள்தான் பொறுப்பு. நர்சுகள் அவளுக்கு வைத்த பெயர் வெந்நீர் அக்கா. சோப்பையே ஒரு தடவை கழுவிவிட்டுத்தான் அக்கா கை கழுவுவாள் என்று கேலி பேசுவார்கள். அந்தக் கேலியில் பாதி நிஜம்.

வீட்டுக்காரர் ரொட்டி கம்பெனியில் வேன் ஓட்டுகிறவர். விடிவதற்குள் கிளம்பினால் மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார். அதற்குப் பிறகு நாற்காலியை விட்டு அவரை எழுப்புவது லேசுப்பட்ட காரியமில்லை. குழாயைச் சரி பண்ணியாச்சா? ஆச்சு. கடிதத்தைப் போட்டாச்சா? ஆச்சு. நாலு நாள் கழித்துப் பார்த்தால் குழாய் சொட்டிக்கொண்டிருக்கும், கடிதம் சட்டைப் பையில் கசங்கியிருக்கும். அக்கா வீட்டு ஆட்கள் அவரை ஆச்சு மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள், அதுவும் முகத்துக்கு நேராக. அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபப்படவும் கொஞ்சம் எழுந்திருக்க வேண்டுமே.

பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டுக்குள் கடல் வந்தது ஒன்பது வருடத்துக்கு முன்னால். குழந்தைகள் வார்டில் வைத்திருந்த இரண்டடி உப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பராமரிக்க ஆளில்லை, தூக்கிப் போடுங்கள் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். உள்ளே ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு கோமாளி மீன்கள் இருந்தன. அக்கா தொட்டியோடு வீட்டுக்குத் தூக்கிவந்தாள். பெரியது பெண். இன்னொரு மீன் எங்கே போக வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும் என்பதுவரை அதுதான் தீர்மானிக்கும். அதற்கு மேட்ரன் என்று பெயர் வைத்தாள். பின்னாலேயே பம்மிக்கொண்டு திரிந்த சின்ன ஆண் மீன் கம்பவுண்டர். பிறகு கட்டை விரல் பருமனில் உயிருள்ள ஒரு பச்சைப் பவளம் வாங்கி, உள்ளே கிடந்த கடல் கல்லில் ஒட்டினாள். அது உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்தது, பக்கத்தில் இன்னும் சில பவளங்களும் சேர்ந்தன. வேலை முடிந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் தொட்டி முன்னால்தான் நிற்பாள். மேட்ரன் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து அவளை முறைக்கும். அந்த முறைப்பைப் பார்த்தால்தான் அக்காவுக்கு அன்றைய அலுப்பு இறங்கும்.

ஒன்பது வருடத்தில் இரண்டடி இடம் போதாமல் போயிற்று. பவளங்கள் ஒன்றை ஒன்று தொட ஆரம்பித்தன. பவளம் பார்க்கத்தான் சாது, பக்கத்தில் வருவதைச் சுட்டுவிடும். ஒரு மூலையில் இரண்டு பவளங்கள் வெந்து வெளுத்தன. வளர்ப்பு மீன் கடைக்காரர் நாலடித் தொட்டிக்கு மாறச் சொன்னார். தண்ணீர் அதிகம் இருந்தால் கெட்டுப்போகவும் நாளாகும் என்றார். மாற்றும் முறையையும் சொல்ல வந்தார். அக்காவோ, கருவி மாற்றுவது எனக்குப் புதுசா என்கிற மாதிரி தலையாட்டிவிட்டு வந்தாள். அங்கேதான் வினை.

ஒரு லீவு நாளில் இரண்டு பேருமாக வேலையை ஆரம்பித்தார்கள். பழைய தண்ணீரைப் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் நிரப்பி, மோட்டாரும் சூடேற்றும் கம்பியும் போட்டு, மீனையும் பவளத்தையும் கடல் கற்களையும் அதில் இறக்கிப் பின்பக்க பால்கனியில் வைத்தார்கள். கூடத்தில் புதுத் தொட்டி ஏறியது. புது மணல், புது உப்புத் தண்ணீர், எல்லாம் பளிங்கு மாதிரி. பிறகு அக்கா பழைய கற்களைப் பார்த்தாள். ஒன்பது வருடத்துப் பழுப்பு, பாசி, பொந்துக்குப் பொந்து சேறு. இதையா புது வீட்டுக்குள் கொண்டுபோவது? பாதிக் கற்களை எடுத்துக் கொதிக்கும் வெந்நீரில் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டு தடவை அலசிப் புதுத் தொட்டியில் அடுக்கினாள். அன்று மாலையே மீனும் பவளமும் குடியேறின. மீதிப் பாதியைக் கழுவிக் காயவைக்கும் வேலை வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. அடுத்த லீவில் அடுக்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. மறுநாள் கேட்டாள். ஆச்சு என்றார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அக்கா வந்து நின்றபோது கண்ணாடிக்கு யாரும் வரவில்லை. மேட்ரன் மேலே, தண்ணீர் மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தது. கம்பவுண்டர் மணலில் சாய்ந்து கிடந்தது. பச்சைப் பவளம் சுருங்கி, தோல் உரிந்து தொங்கியது. தண்ணீர் கெட்டிருக்கிறதா என்று பார்க்கக் கடைக்காரர் தந்திருந்த சோதனை மருந்தைத் தொட்டித் தண்ணீரில் விட்டாள். மஞ்சளாக நிற்க வேண்டியது கரும்பச்சையாக மாறியது.  எத்தனையோ அவசர ஆபரேஷனுக்குப் பரபரப்பில்லாமல் கருவி அனுப்பியவள், குப்பியை மூடக்கூட மறந்தாள்.

கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"கல்லை என்ன பண்ணீங்க?" என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

"கழுவினேன்."

"உப்புத் தண்ணியிலதானே?"

"வெந்நீர்ல. பிரஷ் போட்டு, ரெண்டு தடவை."

 அவர் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, அந்த அழுக்குதான் தொட்டியோட வயிறு. மீன் கழிக்கிறதை எல்லாம் தின்னு செரிக்கிறது அதுல இருக்கிற கிருமிங்கதான். அத்தனையையும் நீங்க அவிச்சுட்டீங்க. இப்ப விஷமெல்லாம் தண்ணியிலயே நிக்குது."

கழுவாத கல் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். தன் கடைக்கு அப்படிப்பட்ட கல் நாளை மறுநாள்தான் வரும், மேலே வந்து வாய் பிளக்கும் மீன் அதுவரை தாங்காது என்றார். அக்கா இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். மீதிக் கல்லும் கழுவியாகிவிட்டதே. தான் இருபத்தாறு வருடமாகச் செய்த நல்ல காரியம் எதுவோ அதைச் செய்துதான் கொன்றிருக்கிறோம் என்று நினைத்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்காரர் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டு வாங்கப்போகிறவர் முகத்தோடு முன்னால் வந்தார்.

"அந்தக் கல்லு... நான் கழுவல."

"என்னங்க சொல்றீங்க?"

"ஆச்சுன்னு சும்மா சொன்னேன். டிரம்முலயேதான் கிடக்கு. மோட்டாரைக்கூட அணைக்கல."

அக்கா பால்கனிக்கு ஓடினாள். டிரம் மூடியைத் திறந்தால் உள்ளே மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பழுப்புத் தண்ணீர், சேறு பிடித்த கல், வெளிச்சம் பட்டதும் பொந்துக்குள் இழுத்துக்கொண்ட மயிரிழைப் புழுக்கள். கெட்ட நாற்றமில்லை, கடல் வாடைதான். சோதனை மருந்தை விட்டுப் பார்த்தாள். மஞ்சள். அழுக்கைப் பார்த்து அக்கா கண் கலங்கியது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அரை மணி நேரத்தில் மீன்களும் பவளங்களும் டிரம்முக்குத் திரும்பின. மறுநாள் காலையில் கம்பவுண்டர் நிமிர்ந்து நீந்தியது. மேட்ரனுக்கு மூன்று நாள் ஆயிற்று, நாலாம் நாள் அக்காவின் விரலைக் கொத்தியது. பச்சைப் பவளம் மட்டும் பிழைக்கவில்லை. அதன் வெள்ளை எலும்பை அக்கா தூக்கிப் போடவும் இல்லை, யாரிடமும் மறைக்கவும் இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடம், நான்தான் அவிச்சேன் என்று சொன்னாள்.  அக்கா தன் தப்பைச் சொல்லி நர்சுகள் அதுவரை கேட்டதே இல்லை.

வெந்த கற்களை வெளியே எடுத்து, தண்ணீரை மாற்றி, டிரம்மிலிருந்து நாலைந்து அழுக்குக் கற்களைப் புதுத் தொட்டிக்கு மாற்றினாள். அந்தக் கிருமிகள் பெருகும்வரை, அடுத்த ஐந்து வாரம் சும்மா இருப்பதுதான் வேலை. கண்ணாடியில் பழுப்புப் படலம் ஏறியது. துடைக்காதீங்க என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அக்கா துணியை எடுப்பாள், வைப்பாள். துணியோடு போராடுகிற மனைவியை வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து ரசித்துப் பார்ப்பார். சும்மா இருப்பதில் அவருக்கு அனுபவம் உண்டு.

மருந்து தொடர்ந்து மஞ்சளாக நின்ற பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன்களைப் புதுத் தொட்டியில் விட்டார்கள். மேட்ரன் நாலடியையும் ஒரு சுற்றுச் சுற்றி, தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்தது. இரண்டு பேரும் எதிரே சோபாவில் உட்கார்ந்தார்கள். அக்காவுக்கு மனசு நிறைந்திருந்தது. அவர் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் எதையெல்லாம் ஆச்சுன்னு சொல்லிட்டுப் பண்ணாம வெச்சிருக்கீங்க? இன்னைக்குச் சொன்னா மன்னிப்பு."

அவர் விரல் விட்டு எண்ணினார். மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி மாற்றவில்லை. அவள் தம்பி கேட்ட பத்திரத்தை இன்னும் தேடவே இல்லை. குடையை ரிப்பேருக்குக் கொடுக்கவில்லை, தொலைத்துவிட்டார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாலாவது விரலில் அவர் நின்றார்.

"எங்கயோ இடிச்சு வேனோட இடது கண்ணாடி உடைஞ்சப்ப, டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டிட்டு வாங்கன்னு சொன்னியே. காட்டியாச்சு, ஒண்ணும் இல்லைன்னேன்ல. போகல."

அக்காவின் சிரிப்பு நின்றது.

"சின்னத் தொட்டியில வித்தியாசம் தெரியல எனக்கு," என்றார் அவர். "இது நாலடி. நேரா நடுவுல பார்த்துட்டிருக்கேன். மேட்ரன் இடது பக்கம் போனா காணாமப் போயிடுது. திரும்ப நடுவுக்கு வந்தாத்தான் தெரியுது. பயமா இருக்கு. அதான் உடனே சொல்லல."

 அக்கா எழுந்துபோய் ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். விடிகாலையில் லோடு இருக்கிறதே என்றார் அவர்.

"வேற யாராவது ஓட்டட்டும். நான் லீவு போடறேன். ரெண்டு பேரும் போறோம்."

திரும்பி வந்தவள் முன்பு உட்கார்ந்த இடத்துக்குப் போகவில்லை. அவருக்கு இடது பக்கமாக வந்து, தோள் படும்படி உட்கார்ந்தாள். அவர் தொட்டியை நேராகப் பார்த்தபடி இருந்தார்.

"மேட்ரன் இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"என் பக்கம்தாங்க இருக்கு," என்றாள் அக்கா.